“ராத்திரி எட்டு மணிக்கு டேபிள் எனக்கு வேணும்!” - சாப்பாட்டு மேசைக்கு வந்த மீட்டர் கேஜ் ரயில்

சென்னை பெரம்பூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடி. ஹாலில் இருந்த டைனிங் டேபிளின் மேல் பழைய செய்தித்தாள்களை விரித்து, ஓரங்களை டேப் போட்டு ஒட்டியிருந்தார் அவர். அதன் மேல் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் தண்டவாளம், பச்சையில் மரங்கள், நீலத்தில் ஒரு சின்னச் செவ்வகம். மஞ்சளாக ஒரு வட்டமும் இருந்தது. “அது என்ன சார், கிணறா?” என்று கேட்டேன்.

“இல்ல தம்பி, நேத்து ராத்திரி சாம்பார்” என்றார்.

ரயில்வேயில் 36 வருடம் வேலை பார்த்து, ஸ்டேஷன் மாஸ்டராக ஓய்வு பெற்றவர். வயது 71. வீட்டு மேசையில் மாடல் ரயில் அமைக்கிறார் என்று நண்பர் ஒருவர் சொல்லித்தான் போனேன். எனக்கும் ரயிலுக்கும் உள்ள உறவு, காலை 11 மணி ஸ்லீப்பர் தட்கலோடு முடிந்துவிடும். பொம்மை ரயிலுக்கு இவ்வளவு கணக்கு இருக்கிறது என்பது அந்த வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. “பேரு மட்டும் போடாதீங்க, சொந்தக்காரங்க சிரிப்பாங்க” என்று அவர் மனைவி கேட்டுக்கொண்டதால், இந்தக் கட்டுரையில் அவர் தாத்தா, இவர் பாட்டி.

தாத்தா திரும்பக் கொண்டுவர நினைப்பது, வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் இருந்த ஒரு ஸ்டேஷன். மதுரை - போடிநாயக்கனூர் மீட்டர் கேஜ் பாதையில் இருந்த சின்ன ஸ்டேஷன் அது. 90 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் அகலப்பாதைப் பணிக்காக 2010-ம் ஆண்டு கடைசியோடு ரயிலை நிறுத்தினார்கள். தேனி வரை மறுபடி ரயில் ஓட 2022 மே ஆனது. போடிக்கு 2023 ஜூனில்தான் வந்தது. தாத்தா ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பிளாட்பாரம் உசரம், தண்டவாளம் அகலம். ஆனா நான் நின்ன இடம் எதுன்னு எனக்கே அடையாளம் தெரியல. ஒரு புங்கமரம் மட்டும் இருந்துச்சு, அது அதுதானான்னும் சந்தேகம்” என்றார்.

அந்த ஸ்டேஷனின் போட்டோ ஒன்றுகூட அவரிடம் இல்லை. எல்லாம் நினைவிலிருந்துதான். அதனால்தான் அவசரப்படுகிறார் என்று நினைக்கிறேன். “போன வருஷம் குட்ஸ் ஷெட்டுக்கு எத்தனை கதவுன்னு பளிச்சுனு ஞாபகம் இருந்துச்சு. இப்ப ரெண்டா, மூணான்னு குழப்பமா இருக்கு” என்று அவர் சொன்னபோது, பாட்டி உள்ளேயிருந்து, “மூணு” என்றார். கல்யாணமான புதிதில் அவரும் அங்கே குவார்ட்டர்ஸில் இருந்தவர்.

ஆனால், பாட்டிக்கு இந்த விஷயத்தில் ஒரு வழக்கு உண்டு. அதைக் கேட்டபோது நான் கொஞ்சம் பேச்சிழந்துதான் போனேன்.

“இவருக்கு எப்பப் பார்த்தாலும் மாறி மாறி ஷிஃப்ட். எப்ப வருவார்னு தெரியாம சாப்பாட்டை மூடி வெச்சுக் காத்துக்கிட்டிருப்பேன். ரிட்டயர் ஆனப்புறம்தான் இந்த டேபிளே வாங்கினோம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துக்கு எதிரெதிரா உக்காந்து சாப்பிடறது இப்பத்தான் தம்பி. அதையும் ரயிலுக்குக் குடுன்னா எப்படி? அதான் சொல்லிட்டேன். பகல்ல என்ன வேணா பண்ணிக்கட்டும். ராத்திரி எட்டு மணிக்கு டேபிள் எனக்கு வேணும்.”

ஆக, இந்த ரயில்வேயின் முதல் விதியை எழுதியது பாட்டி. அதற்கு அடுத்த விதிகளை எழுதியது டேபிள்.

ஐந்தடிக்கு மூன்றடி

டேபிளின் அளவு 5 அடி நீளம், 3 அடி அகலம். சென்டிமீட்டரில் 152-க்கு 91. இதில் என்ன ரயில் ஓட்டலாம்?

உலகம் முழுக்க அதிகம் புழங்கும் அளவு ஹெச்.ஓ. நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அதற்கு முன்பு பிரபலமாக இருந்த ‘ஓ’ அளவில் பாதி என்பதால் அந்தப் பெயர். முதல் உலகப் போருக்குப் பிறகு பெரிய பெரிய தகர ரயில்களை வைக்க வீடுகளில் இடமில்லாமல் போனபோது, 1922-ல் ஜெர்மனியின் பிங் நிறுவனம் ‘மேசை ரயில்’ என்றே பெயர் வைத்து இந்த அகலத்தில் ஒன்றைக் கொண்டுவந்தது. சாப்பாட்டு மேசைக்கும் ரயிலுக்கும் இடையிலான சண்டைக்கு நூறு வயது தாண்டிவிட்டது என்று பாட்டியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

தாத்தாவும் முதலில் ஹெச்.ஓ-வில்தான் ஆரம்பித்திருக்கிறார். நம் ஐ.சி.எஃப் பெட்டி ஒன்று, பஃபரோடு சேர்த்துச் சுமார் 22.3 மீட்டர் நீளம். 87-ஆல் வகுத்தால் 25.6 சென்டிமீட்டர். பார்க்க அழகாக இருக்கும், கையில் பிடிக்க வாகாக இருக்கும். பிரச்னை வளைவில்தான். இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் சொல்லும் ஒரு கைக்கணக்கு உண்டு. வளைவின் ஆரம், ஓடப்போகும் மிக நீளமான பெட்டியைப் போல மூன்று மடங்காவது இருந்தால் நல்லது. இரண்டு மடங்குக்குக் கொண்டுவந்தாலும் சில வண்டிகள் ஓடிவிடும். ஆனால், பெட்டியின் நடுப்பகுதி தண்டவாளத்துக்கு உள்பக்கமும், முனைகள் வெளிப்பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும். இணைப்புக் கொக்கிகள் இழுபட்டுத் தடம் புரளும்.

25.6 சென்டிமீட்டருக்கு மூன்று மடங்கு என்றால் 77 சென்டிமீட்டர் ஆரம். ஒரு அரைவட்டம் திரும்பவே 154 சென்டிமீட்டர் அகலம் தேவை. இருப்பதோ 91. ஹெச்.ஓ கதை அங்கேயே முடிந்தது. இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் முதலில் ரயிலை வாங்கிவிட்டு, பிறகு டேபிளைத் தேடுகிறவர்கள்தான் அதிகமாம்.

அடுத்தது ‘என்’ அளவு. 160-ல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 9 மில்லிமீட்டர். பெங்களூரில் இருக்கும் மருமகன், வேலை விஷயமாக ஜப்பான் போனபோது இந்த அளவில் ஒரு ஸ்டார்ட்டர் செட் வாங்கி வந்தார். செட்டில் வந்த வளைவுகளின் ஆரம் 31.5 சென்டிமீட்டர். டேபிளில் தாராளமாக உட்கார்ந்தது. (அங்கிருந்து வாங்கி வருகிறவர்கள் கவனிக்க: ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. செட்டோடு வந்த அடாப்டரை அப்படியே பிளக்கில் சொருகப்போன தாத்தாவை மருமகன் போனிலேயே கத்தித் தடுத்திருக்கிறார்.)

ஆனால், தாத்தாவுக்குத் தேவை ஜப்பான் ரயில் அல்ல. அவருடையது மீட்டர் கேஜ். இங்கேதான் அவர் பிடித்த ஒரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. தண்டவாளம் 9 மில்லிமீட்டர். நிஜ மீட்டர் கேஜ் 1,000 மில்லிமீட்டர். அதை 120-ஆல் வகுத்தால் 8.3 வருகிறது. கிட்டத்தட்ட 9. அதாவது, இதே தண்டவாளத்தையும் மோட்டாரையும் வைத்துக்கொண்டு, மேலே உள்ள உடம்பை மட்டும் 120-ல் ஒரு பங்கு அளவில் செய்தால் அது மீட்டர் கேஜ் ரயிலாகிவிடும்! 1:120 என்பது டி.டி என்ற பெயரில் ஐரோப்பாவில் இருக்கிற அளவுதான். அதில் மீட்டர் கேஜுக்கு 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தைப் பயன்படுத்தும் வழக்கமும் உண்டு. தாத்தாவுக்கு அது தெரியாது. பேப்பரில் வகுத்துப் பார்த்து, தானாகவே அங்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

இன்னொரு லாபமும் இதில் இருக்கிறது. உருவம் கொஞ்சம் பெரிதாகிறது. கண்புரை அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு, கையில் லேசான நடுக்கம் உள்ளவருக்கு, அந்தக் கொஞ்சமும் முக்கியம். “160-ல சக்கரத்தைத் தண்டவாளத்துல வெக்கறதுக்குள்ள ஒரு காபி ஆறிடும்” என்கிறார். சரிவாக ஏற்றிவிட்டால் சக்கரம் தானாகத் தண்டவாளத்தில் உட்காரும் ரீரெய்லர் என்ற பிளாஸ்டிக் துண்டு அவரிடம் எப்போதும் சட்டைப்பையில் இருக்கிறது.

மலையை விட்டுக்கொடுத்தார்

உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவில் அந்தப் பாதை மலைகளுக்கிடையே போகும். அது இல்லாமல் போடி லைன் இல்லை என்பது தாத்தாவின் கட்சி. அதனால் இரண்டாவது பிளானில் ரயில் மேலே ஏறி, தன் பாதையையே பாலத்தில் கடந்து இறங்குவதாக வரைந்திருந்தார்.

கணக்கு விடவில்லை. மாடல் ரயிலுக்கு 2 சதவிகிதச் சரிவு பாதுகாப்பானது. நூறு சென்டிமீட்டர் ஓடினால் இரண்டு சென்டிமீட்டர் ஏறலாம். கீழே ஒரு ரயில் போக வேண்டுமென்றால் பாலத்தின் கனத்தோடு சேர்த்து 5 சென்டிமீட்டர் உயரமாவது வேண்டும். அதற்கு இரண்டரை மீட்டர் ஏற்றம், இறங்க இன்னொரு இரண்டரை மீட்டர். டேபிளைச் சுற்றி வரும் மொத்தப் பாதையே மூன்றரை மீட்டர்தான்.

“அப்ப மலையை என்ன சார் பண்ணீங்க?”

“ரயில் மலை ஏறாது. மலை பின்னாடி நிக்கும். சுவத்துப் பக்கம் தெர்மாக்கோலை அடுக்கி வெட்டி, மேல பேப்பர் கூழ் பூசிடுவேன்.” தெர்மாக்கோலை ஒட்ட ஃபெவிகால் போதும். செருப்புக்கு ஒட்டும் பசை மாதிரி காரமானதைத் தொட்டால் தெர்மாக்கோல் கரைந்து குழியாகிவிடும். ஒரு மலைக்கு அப்படி நடுவில் ஓட்டை விழுந்து, இப்போது அது குகை என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது.

மூன்றாவது பிளானில் ஒரு சிக்கல். போன ரயில் வளைந்து திரும்பி அதே தண்டவாளத்தில் எதிர்த்திசையில் வருகிற மாதிரி ஒரு லூப் போட்டிருந்தார். ரயில்வேக்காரர்தான், ஆனால் இது அவருக்குத் தெரிய நியாயமில்லை. நிஜ டீசல் இன்ஜினுக்குத் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் வராது. மாடல் ரயிலுக்கு ஒரு தண்டவாளம் பாசிட்டிவ், இன்னொன்று நெகட்டிவ். அதிகபட்சம் 12 வோல்ட் நேர்மின்சாரம். அதைக் கூட்டினால் வேகம், மாற்றிக் கொடுத்தால் ரிவர்ஸ். தண்டவாளம் திரும்பி வந்து தன்னையே தொட்டால், இடது வலதைத் தொடும். ஷார்ட் சர்க்யூட்! இரு முனையிலும் இன்சுலேஷன் கொடுத்து, நடுப்பகுதிக்குத் தனி ஸ்விட்ச் வைத்தால் சமாளிக்கலாம். தாத்தாவுக்கு அந்த வம்பு வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

இந்தப் பிளான்களை கம்ப்யூட்டரிலும் வரையலாம். எக்ஸ்ட்ராக்கேட் என்ற மென்பொருள் முற்றிலும் இலவசம். எனிரெயில் 50 துண்டுகள் வரை இலவசம். மருமகன் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தும் தாத்தா செய்தித்தாளுக்கே திரும்பிவிட்டார். நானும் அவர் கட்சிதான். திரையில் எல்லாமே பொருந்துவது போலத் தெரிகிறது. நிஜ அளவில் விரித்து, பக்கத்தில் நின்று கையை நீட்டிப் பார்த்தால்தான், எட்டாத மூலை எது என்று தெரியும். இரண்டரை அடிக்கு மேல் யாருக்கும் கை எட்டாது. டேபிளைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் மூன்றடி அகலமே சங்கடம்தான். தடம் புரள்வது எப்போதும் அந்த எட்டாத மூலையில்தான் என்று ஒரு விதி வேறு இருக்கிறதாம்.

பேரனுக்கு வட்டம், தாத்தாவுக்கு ஸ்டேஷன்

உண்மையில் பெரிய தகராறு இதுதான். பேரனுக்கு ஏழு வயது. போன வருடக் கோடை விடுமுறையில், நேராக ஒரு பலகையில் ஸ்டேஷன் மட்டும் அமைத்துக் காட்டியிருக்கிறார் தாத்தா. வேகன்களைக் கழற்றி மாட்டும் ஷன்டிங். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, “தாத்தா, இது எங்கேயுமே போகல” என்று சொல்லிவிட்டு டேப்லெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

“அவன் சொன்னது சரிதான். எனக்கு ரயில்னா வந்து நிக்கறது. அவனுக்கு ரயில்னா ஓடறது” என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் ஸ்கெட்ச் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

நான்காவது பிளான் அந்த இடத்திலிருந்துதான் பிறந்திருக்கிறது. வெளியே ஒரு நீள்வட்டம், பேரனுக்கு. இரண்டு பக்கமும் 31.5 சென்டிமீட்டர் ஆரமுள்ள அரைவட்டங்கள், நடுவில் இரு பக்கமும் சுமார் 75 சென்டிமீட்டர் நேர்ப்பாதை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தை 120-ஆல் சுருக்கினால், விநாடிக்கு 9 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரு சுற்றுக்கு 38 விநாடி. மதுரையிலிருந்து போடி வரை அப்படியே சுருக்க வேண்டுமென்றால் 750 மீட்டர் நீள டேபிள் வேண்டும் என்று ஓரத்தில் எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறார்.

முன்பக்க நேர்ப்பாதையில் ஸ்டேஷன். அதன் இடது முனையில் இரண்டு பாயின்ட்ஸ், அங்கிருந்து உள்பக்கமாக இரண்டு சைடிங். இது ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் உருவாக்கிய ‘இங்கிள்நுக்’ புதிர் அமைப்பின் தழுவல். எட்டு வேகன்கள். ஒரு பாதையில் ஐந்து நிற்கலாம், மற்ற இரண்டில் மும்மூன்று. இன்ஜின் நின்று ஆட வேண்டிய பாதையில் இன்ஜினும் மூன்று வேகனும் மட்டுமே கொள்ளும். எட்டிலிருந்து ஐந்து வேகன்களைச் சீட்டுக் குலுக்கிப்போட்டு எடுத்து, அதே வரிசையில் ரயிலைக் கோக்க வேண்டும். மொத்தம் 6,720 வரிசைகள் சாத்தியம். இரண்டே பாயின்ட்ஸ் வைத்து இவ்வளவு!

பெட்டிக்குப் பதில் குட்ஸ் வண்டியைத் தேர்ந்தெடுத்ததிலும் கணக்கு இருக்கிறது. மீட்டர் கேஜ் பயணிகள் பெட்டி சுமார் 19.5 மீட்டர். இந்த அளவில் 16 சென்டிமீட்டருக்கு மேல். மூன்று மடங்கு விதிப்படி 49 சென்டிமீட்டர் ஆரம் கேட்கும். நான்கு சக்கர வேகன்கள் ஐந்து, ஆறு சென்டிமீட்டர்தான். வளைவில் துருத்தாமல் ஓடும். கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி வேகன் உடம்பு செய்திருக்கிறார். உள்பக்கம் எட்டிப் பார்த்தால், யாரோ ஒரு மணமகளின் பெயர் தங்க எழுத்தில் தெரிகிறது.

அடுத்து, எட்டு மணி விதி. முழுப் பலகையாகச் செய்தால் தூக்க முடியாது. அதனால் இரண்டு பாதி. 6 மில்லிமீட்டர் பிளைவுட், அடியில் ரீப்பர் கட்டையில் சட்டம். கனம் அதிகமானால் 71 வயதில் தூக்குவது யார்? இரண்டு பாதிகளையும் சேர்க்க, ஊசியை உருவிக் கழற்றக்கூடிய கதவுக் கீல்கள். கீல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து உட்கார்வதால் தண்டவாளம் பிசகாது. இணையும் ஓரத்தில் பித்தளை ஸ்குரூவைப் பலகையில் இறக்கி, அதன் தலையிலேயே தண்டவாளத்தைப் பற்றவைத்துவிட்டு, பிறகு அறுக்க வேண்டும். பிளாஸ்டிக் ஸ்லீப்பரை மட்டும் நம்பினால் நாலு முறை தூக்கி வைப்பதற்குள் முனை வளைந்துவிடும். முக்கியமாக, பாயின்ட்ஸ் எதுவும் அந்த இணைப்பின் மேல் வரக் கூடாது. தாத்தாவின் பிளானில் பாயின்ட்ஸ் எல்லாம் இடது பலகையில் முடிந்துவிடுகிறது. நேர்ப்பாதைகள்தான் இணைப்பைக் கடக்கின்றன.

ராத்திரி கழற்றினால் எங்கே வைப்பது? பரணில்தான். பரணில் ஏற்கெனவே கொலுப் பொம்மைப் பெட்டிகள். அந்தப் பேச்சுவார்த்தை என் முன்னால் நடக்கவில்லை. முடிவு மட்டும் தெரிந்தது: பெட்டிகளில் இரண்டு, கட்டிலுக்கு அடியில் போயிருந்தன.

மே மாதம், மறுபடியும்

பேரன் வந்திருப்பதாகச் சொன்னார்கள். போனேன். செய்தித்தாள் போய் பலகை வந்திருந்தது. ஸ்டேஷன் கட்டடம் இன்னும் வெறும் அட்டை. குட்ஸ் ஷெட்டுக்கு மூன்று கதவு. மலை ஒரு பக்கம் மட்டும் பச்சை.

ஒரு எவர்சில்வர் டம்ளரில் எட்டுச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி, பேரன் ஐந்தை எடுத்தான். தாத்தா கையில் பச்சைக்கொடி. முதல் வேகனைச் சேர்க்கவே ஆறு முறை முன்னும் பின்னும் போக வேண்டியிருந்தது. “தாத்தா, அதை இந்தப் பக்கம் தள்ளிட்டு, இதை இழுங்க!” “டேய், ஸ்டேஷன் மாஸ்டர் நானா, நீயா?” 25 நிமிடம் ஆனது. அடுத்ததை 15 நிமிடத்தில் முடித்தான். மூன்றாவதின் நடுவில் பொறுமை போய், கன்ட்ரோலரை முழுக்கத் திருகினான். இன்ஜினும் நான்கு வேகன்களும் வளைவைத் தாண்டிப் பறந்து, தரையில் ஒரு வேகன் இரண்டாகப் பிளந்தது. மணமகள் பெயர் வெளியே தெரிந்தது.

தாத்தா முகம் மாறியது. எதுவும் சொல்லாமல் குனிந்து எடுத்தார். பேரன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். பிறகு, “இதை நான் ஒட்டவா தாத்தா?” என்றான். ஃபெவிகால் டப்பாவை அவன் பக்கம் தள்ளிவிட்டார்.

மாடல் ரயில் பார்க்க ஆசைப்படும் குழந்தைகளுக்கு, வீட்டில் ஆரம்பிக்கும் முன் ஒருமுறை நேரில் காட்டுவது நல்லது. புனேயில் பாவ் ஜோஷி உருவாக்கிய மினியேச்சர் ரயில்வே மியூசியம் 1998-லிருந்து பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. சென்னையிலேயே ஐ.சி.எஃப் பக்கத்தில் ரயில் மியூசியம் இருக்கிறது. இவர்கள் வீட்டிலிருந்து அது அதிக தூரம்கூட இல்லை. பேரனைக் கூட்டிக்கொண்டு போனால், நிஜ மீட்டர் கேஜ் எவ்வளவு அகலம் என்று அவன் தன் காலடியால் அளந்து பார்க்கலாம் என்பது தாத்தாவின் திட்டம்.

நான் கிளம்பும்போது மணி ஏழே முக்கால். இருவரும் சேர்ந்து கீல் ஊசிகளை உருவிக்கொண்டிருந்தார்கள். பாட்டி, தட்டுகளோடு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“ஏங்க, புரட்டாசியில கொலு வெக்கறப்ப இது பார்க்குக்குப் பக்கத்துல வரணும். கூட நிறைய ஜனம் வேணும். வெறும் குட்ஸ் வண்டியைப் பார்க்க யார் வருவா? பேசஞ்சர் பெட்டி ரெண்டாவது பண்ணி வைங்க.”

“அது 16 சென்டிமீட்டர், வளைவுல துருத்தும்...” என்று ஆரம்பித்தார் தாத்தா.

“அதெல்லாம் எனக்குத் தெரியாது” என்றபடி ஈரத்துணியால் டேபிளைத் துடைக்க ஆரம்பித்தார் பாட்டி.